மூக்குப்பாறை இறக்கம்

ஏப்ரல் 19

ஏ மந்தி,

ஊர் முன்னால் உன்னை ‘ஏங்க’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். ஊருக்கு நீ மாசாணம், எனக்குக் கதவைச் சாத்தின பிறகு மந்தி. இந்த நோட்டில் வேறு யாரும் இல்லை, அதனால் மந்தி என்றே எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை. தப்பு இருந்தால் சிரித்துக்கொள்.

இன்றைக்கு உன் கேம்ப்புக்கு வந்துவிட்டேன். காத்தாடிமேடு. ஒன்பது வருஷம் நீ காவல் பார்த்த இடத்தை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன். கல் சுவர், தகரக் கூரை, யானை வராமல் சுற்றி வெட்டின குழி, குழியைத் தாண்ட ரெண்டு பலகை. பலகையில் கால் வைக்கும்போது நீயும் இதில்தானே மிதித்திருப்பாய் என்று நினைத்தேன். அதற்கு மேல் நடக்க முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பின்னால் அரிசி மூட்டையோடு வந்த ஆள் “போம்மா, தோள் நோவுது” என்றான்.

வேலை கொடுத்தது பாரஸ்டர் ஐயா. வரையாடு கணக்கெடுக்க வெளியாட்கள் வருகிறார்கள், அது முடிந்தாலும் காட்டுத்தீ காலம் தீரும் வரை காவலர்களுக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்றார். “மே முப்பத்தொண்ணு வரைக்கும்தான் இசக்கி. மழை இறங்கிட்டா கேம்ப்பைப் பூட்டிருவோம்.” சரி என்றேன். நான் சமைக்கவா வந்திருக்கிறேன்? அவருக்கும் அது தெரியும். தெரியாதது போல் இருந்தார்.

நீ காணாமல் போய் அஞ்சு மாசம் அஞ்சு நாள். அறுபது பேர், ரெண்டு நாய், பதினோரு நாள் ஆனைப்பள்ளத்தைச் சலித்துவிட்டார்கள். ஒரு சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. உன் அக்கா தாலியைக் கழற்று என்கிறாள். என் தங்கச்சி கழற்றாதே என்கிறாள். நான் கழுத்தைத் துண்டால் மூடிக்கொண்டு திரிகிறேன்.

மழைக்கு நாற்பத்திரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் உன்னில் ஏதாவது ஒன்றை எடுத்துவிட வேண்டும். ஒரு எலும்பு. ஒரு பல். தென்மேற்கு மழை இறங்கினால் பள்ளத்தில் பாறையே உருண்டு போகுமாம். எலும்பு எந்த மூலைக்கு?

பாப்பா தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். நான் கிளம்பும்போது அழவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 21

இங்கே ரெண்டு பேர்தான். ஒருத்தன் உன் கூட்டாளி கோயில்பிள்ளை. பாதி ஆளாகிவிட்டான், கன்னம் ஒட்டிப்போய்விட்டது. என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை. சோறு போட்டால் “போதும் மதினி” என்று தட்டைப் பார்த்துச் சொல்கிறான். இன்னொருத்தன் அரையன், மலையிலேயே பிறந்த முதுவாக்குடிக்காரன். நீ காணாமல் போன வாரம் அவன் குடியில் கல்யாணம் என்று போயிருந்தானாம். அவன் வாய் ஓயாது.

அரையன் அடுப்புச் சாம்பலை அள்ளித் தரையில் கொட்டி எனக்கு மலையைக் காட்டினான். நடுவில் ஒரு முதுகுத்தண்டு, அதன் மேல் நம் கேம்ப். மேற்கே சரிந்தால் புல், புல்லுக்குக் கீழே சோலை, அதற்கும் கீழே ஆனைப்பள்ளம். அந்தத் தண்ணீர் கேரளாவுக்கு ஓடுகிறது. கிழக்கே சரிவே கிடையாது, வெட்டி நிறுத்தின மாதிரி பாறை. மூக்குப்பாறை. அதன் அடியில் மழைக்காடு. காடு முடிகிற இடத்தில் நம் எஸ்டேட்.

“மேகம் இல்லாத நேரம் எட்டிப் பாத்தீங்கன்னா உங்க பதினாலாம் நம்பர் தேயிலைக் காடு பச்சைப் பாயாட்டம் தெரியும்க்கா. ஜீப்புல சுத்திப் போனா இருபத்திரண்டு கிலோமீட்டரு. பாறை வழியா இறங்கினா மூணு மணி நேரம். ஆனா அது ஆட்டு வழி. ஆளு இறங்கக் கூடாதுன்னு உத்தரவு. அதுல ஆடு போகும், இல்ல அவசரக்காரன் போவான்.”

கோயில்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டான். தட்டில் பாதிச் சோறு.

ஏப்ரல் 25

கணக்கெடுப்பு. டவுனிலிருந்து பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு பைனாகுலர், ஒரு தொப்பி, நூறு கேள்வி. விடியுமுன் உப்புமா கிண்டினேன். புகையில் அடி பிடித்துவிட்டது.

“அக்கா, இதை ஆட்டுக்கு வச்சா அது மலையை விட்டே இறங்கிடும். அப்புறம் நாங்க யாரை எண்ணுறது?” என்றான் அரையன்.

“வாய்க்கு ருசி கேக்குதோ? அந்தப் புல்லைப் போய் மேயி,” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது. அப்புறம் உடம்பெல்லாம் கூசியது.

கண்ணாடி போட்ட ஒரு பெண் பிள்ளை பாத்திரம் கழுவ வந்தாள். நல்ல பிள்ளை. “உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாருக்கா?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கோயில்பிள்ளை முந்திக்கொண்டான்.

“டூட்டில இருக்காரு.”

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான்.

ஏப்ரல் 26

ஆடு தொண்ணூற்று மூன்று கண்டார்களாம். உன்னைக் காணவில்லை.

ஏப்ரல் 27

வெளியாட்கள் இறங்கிவிட்டார்கள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் நானே ஆட்டைப் பார்த்தேன். கிடா ஒன்று, முதுகில் சாம்பல் பூசின மாதிரி வெள்ளை. பக்கத்தில் ரெண்டு பெட்டை, மூணு குட்டி. குட்டி ஒன்று பாறை விளிம்பில் நாலு காலையும் ஒரு கைக்குட்டை அகலத்தில் ஊன்றி நின்று காதைச் சொறிகிறது. தாய்க்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதுகளுக்காகத்தானே நாற்பது நாள், ஐம்பது நாள் வீட்டுப் பக்கமே வராமல் கிடந்தாய். கல்லை எடுத்தேன். எறிய மனசு வரவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். கேம்ப்பில் தேடியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 30

முதல் முறை ஆனைப்பள்ளத்தில் இறங்கினேன். கோயில்பிள்ளை முன்னால், அரையன் பின்னால். காலில் புகையிலைத் தண்ணீர் தடவியும் அட்டை நிற்கவில்லை. விரலிடுக்கில், தொப்புளில், எங்கெங்கோ. சோலைக்குள் நுழைந்தால் பகலிலேயே இருட்டு. மரமெல்லாம் பாசி போர்த்துக்கொண்டு கூனி நிற்கிறது. மேலே கருமந்தி ஒன்று ‘ஊம் ஊம்’ என்று கத்தியது. உன் பேரை அதற்குப் பிறகு வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. நீ அந்தக் கறுப்போடும் நீளக் கையோடும் என் வீட்டுக்குள் முதல் முதலாக வந்தபோது நான் அடக்க முடியாமல் சிரித்தேனே.

ஓடைக்கரையில் ஒரு எலும்பைக் கண்டுவிட்டேன். கை நீளம். எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டேன். தண்ணீரில் கழுவினேன். முகர்ந்து பார்த்தேன். கிடைச்சிட்டாரு, கிடைச்சிட்டாரு என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. அரையன் பக்கத்தில் குந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

“அக்கா, அது மிளா மானு. செந்நாய் அடிச்சுப் போட்டது. அங்க குளம்பு கெடக்கு பாருங்க.”

குளம்பைக் கண்ணால் பார்த்த பிறகும் எலும்பைக் கீழே போட எனக்கு நேரம் ஆனது. கோயில்பிள்ளை ஒரு மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான்.

மே 4

மூன்று தரம் இறங்கிவிட்டோம். ஒன்றும் இல்லை. காட்டுமாட்டுக் கூட்டம் வழியை மறித்தது, ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

ஒன்று கேட்கிறேன். அவ்வளவு சொல்லி அனுப்பியும் நீ வரவில்லையே. அப்படி என்ன கல் நெஞ்சு உனக்கு? வராமல் இந்தப் பள்ளத்துக்கு ரோந்து போனாயே. வேறு யார் சொல்லி அனுப்பியிருந்தாலும்

வேண்டாம். அதை எழுத வேண்டாம்.

மே 5

குழிப் பலகையைத் துடைத்தேன். மிளகாய் காயப் போட்டேன். மேகம் வந்து நனைத்துவிட்டது.

மே 9

கோடை மழை. நாள் முழுக்க. இருபத்திரண்டு நாள் இருக்கிறது.

மே 12

காலையில் எழுந்தால் கோயில்பிள்ளை இல்லை. அவன் செருப்பும் இல்லை. கம்பும் இல்லை.

ஏழு மணிக்கு வயர்லெஸ் கரகரத்தது. தினமும் கரகரக்கிறதுதான், நான் காது கொடுத்ததில்லை. எந்தக் கேம்ப்பில் யார் இருக்கிறார்கள் என்று ஆபீஸ் கேட்கும், இவர்கள் சொல்வார்கள். இன்றைக்கு அரையன் மைக்கை எடுத்தான்.

“காத்தாடிமேடு, ஆளு எப்படி? ஓவர்.”

“மூணு பேரும் ஓகே. ஓவர்.”

நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

“எங்கடா மூணு பேரு? அவன் எங்க?”

“இறங்கியிருப்பான்க்கா. வீட்டுக்கோ எங்கேயோ. லீவு கேட்டா யாரு குடுக்குறா? ஒருத்தன் இறங்கினா இன்னொருத்தன் ஓகே சொல்லிக்குவோம். எல்லாக் கேம்ப்புலயும் உள்ளதுதான். ஏன், மாசாணம் அண்ணன் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்காரு!”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ரொட்டி எல்லாம் கருகிவிட்டது.

மே 13

நேற்று பொழுது சாயும் நேரம் கோயில்பிள்ளை வந்தான். முழங்கை, முழங்கால் எல்லாம் சிராய்ப்பு. வீட்டுக்குப் போய் வந்தவனுக்கு இப்படி ஆகுமா? சோற்றைப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

“கோயிலு. அவரு காணாம போன அன்னைக்கும் நீ ஓகே சொன்னியா?”

தட்டை நகர்த்தி வைத்தான். அப்புறம் பேசினான். அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். ஒரு சொல்கூட எனக்கு மறக்காது.

“பதினொண்ணாம் தேதி காலையில ஜீப்பு ஓட்டுற தவசி அரிசி கொண்டாந்தான் மதினி. ‘பாப்பாவுக்குக் கடுங்காய்ச்சலாம், உடனே வரச் சொன்னாங்க’ன்னான். அண்ணன் கஞ்சியைக்கூடக் குடிக்கல. ஜீப்பு அடுத்த கேம்ப்புக்குப் போயிட்டு மறுநாள்தான் கீழ இறங்கும். மூக்குப்பாறையில இறங்குறேன், பதினாலாம் தேதி காலையில வந்திருவேன், பாத்துக்கடான்னாரு. மேகம் மூடிக் கெடக்கு, போகாதீங்கன்னேன். கேக்கல. நானும் பன்னெண்டு, பதிமூணு ரெண்டு நாளும் ‘ரெண்டு பேரும் ஓகே’ன்னு சொன்னேன். வீட்டுலதான் இருக்காருன்னு நெனச்சேன் மதினி. பாப்பா பக்கத்துல இருக்காருன்னு.”

“பதினாலாம் தேதி எனக்குப் போன் பண்ணினியே.”

“ஆமா. சிக்னல் பாறையில ஏறி உங்களைக் கூப்பிட்டேன். அண்ணன் வந்தாரான்னு கேட்டேன். வரலன்னீங்க. அப்பவே என் உசுரு போச்சு. அதுக்கப்புறம்தான் மைக்கை எடுத்தேன். ரெண்டு நாளா ஓகேன்னு சொன்ன ஆளை எப்படிக் காணோம்னு சொல்ல? காலையில ரோந்து போனவரு வரல, ஆனைப்பள்ளம் பக்கம்னு வாயில வந்துருச்சு. ஆளுங்க வரட்டும், நான் தனியா கிழக்கால தேடிக்கலாம்னு நெனச்சேன். வந்தவங்க என்னை விடல. நீதானே கடைசியாப் பாத்தவன், முன்னால நட, வழி காட்டுன்னாங்க. பதினோரு நாளும் நான்தான் முன்னால நடந்தேன் மதினி. தப்பான பக்கத்துல.”

நான் கரண்டியை எடுத்துச் சட்டியைத் துழாவினேன். அவன் மேலும் பேசினான்.

“நீங்க சொல்லிருவீங்கன்னு தினம் பயந்தேன். ‘நான்தான் வரச் சொன்னேன்’னு ஒரு வார்த்தை சொன்னா நான் மாட்டிக்குவேன். நீங்க கடைசி வரைக்கும் சொல்லல. எங்களுக்காகத்தான் மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். மதினி தெய்வம்டீன்னு எம் பொண்டாட்டிகிட்டச் சொன்னேன்.”

அப்போதுதான் அடித்தேன். கையில் இருந்த கரண்டியால். தோளில், தலையில், எங்கே பட்டாலும். அவன் கையைத் தூக்கவே இல்லை. அரையன் வந்து என்னைப் பிடித்துக்கொண்டான். அவன் அடி வாங்கினது ஓகே சொன்னதற்கு இல்லை. தெய்வம் என்று சொன்னதற்கு.

மே 14

எழுதிவிடுகிறேன்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. அன்றைக்கு அவள் எஸ்டேட் லயன் வீட்டு வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள்.

நீ வீட்டுக்கு வந்து நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது. தீபாவளிக்கும் வரவில்லை. தவசி வரும்போதெல்லாம் “நல்லா இருக்காரு” என்பான். எனக்கு எரிச்சலாக வரும். நல்லா இருக்கிறாய் அல்லவா, நான் இல்லாமல். அன்றைக்கு ஜீப் போகும்போது கொழுந்து மூட்டை தலையில் இருந்தது. நின்றபடியே கத்தினேன். “தவசியண்ணே, பாப்பாவுக்குக் கடுங்காய்ச்சல், உடனே வரச் சொல்லுங்க.” வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது. யோசிக்கவே இல்லை. சாயங்காலம் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

நீ வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லியும் வராத மனுஷன் என்று உன்னை மனசார ஏசினேன். என்னவெல்லாம் ஏசினேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

அப்புறம் போலீஸ் வந்தது, ஆபீசர்கள் வந்தார்கள். ‘கடைசியாக ஏதாவது பேசினாரா, தகவல் அனுப்பினாரா’ என்று கேட்டார்கள். இல்லை என்றேன். சொல்லி அனுப்பியும் நீ வரவில்லை, ரோந்துக்குத்தான் போனாய் என்று நினைத்தேன், சத்தியமாக. கோயில்பிள்ளை போனில் ‘வந்தாரா’ என்று கேட்டதுகூட, ரோந்தில் காணாத உன்னைத் தேடித்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் அது மட்டும் இல்லை. ‘அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு’ என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். அத்தனை பேர் முன்னால். பாப்பா என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தவசி அந்த வாரமே திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கேட்க ஆள் இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அவன் பாதியை மறைத்தான். நான் பாதியை மறைத்தேன். நடுவில் நீ.

மந்தி, நீ புறப்பட்டு வந்திருக்கிறாய். கஞ்சியைக்கூடக் குடிக்காமல்.

மே 15

ரெண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். கோயில்பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தான், இத்தனை நாளில் முதல் முறை. அரையன் மட்டும், “சரி, அழுதது போதும். ரெண்டு பேரும் எந்திரிங்க. பதினாறு நாள் இருக்கு,” என்றான்.

கோயில்பிள்ளை லீவு என்று இறங்கினதெல்லாம் மூக்குப்பாறைக்குத்தானாம். மேல் பாதி பார்த்துவிட்டான். தனியாகக் கீழே போகப் பயம். கயிறு பிடிக்க ஆள் வேண்டும்.

மே 17

இறங்கினோம். சேலை ஆகாது என்று உன் பழைய பேண்ட்டைக் கொடுத்தான் அரையன். நான் ஆட்டைப் பார்த்து அது போனபடி போனேன். பாறையில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு கோடு, அதில் புழுக்கை. புழுக்கை இருந்தால் கால் வைக்கலாம், இல்லை என்றால் வைக்காதே என்றான் அரையன். கீழே பார்த்தால் மேகம். மேகத்துக்குக் கீழே எங்கோ நம் காட்டில் கங்காணி யாரையோ ஏசுகிற சத்தம் கேட்கிறது. அவ்வளவு பக்கம் வந்திருக்கிறாய்.

மே 18

மேகம். ஒரு கால் எடுத்து வைக்க முடியவில்லை.

மே 19

மேகம்.

மே 20

இறங்கினோம். வலது பக்கச் சரிவு. கரடி தோண்டின புற்று. வேறு இல்லை. என் கால் நகம் ரெண்டு பெயர்ந்துவிட்டது. வலி தெரியவில்லை.

மே 22

ஆபீசிலிருந்து வயர்லெஸ். இந்த வருஷம் மழை முன்னாலேயே வருகிறதாம், இருபத்தாறாம் தேதி கேம்ப்பைப் பூட்டிவிட்டு எல்லாரும் இறங்க வேண்டுமாம். அஞ்சு நாளை அப்படியே பிடுங்கிக்கொண்டார்கள்.

நான் வெளியே போய் மலையைப் பார்த்து வாய்க்கு வந்ததைத் திட்டினேன். எந்தச் சாமி பேரையும் விடவில்லை. மேற்கே வானம் ஈயம் பூசின மாதிரி கிடக்கிறது. ஆடெல்லாம் உச்சியை விட்டு இறங்கி இடுக்கில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. அதுகளுக்கு முன்னாலேயே தெரியும்.

மே 23

நாளைக்கும் மறுநாளும்தான்.

மே 24

கிடைத்துவிட்டாய்.

மே 24, பிறகு

இடது பக்கம், ஆட்டு வழி ரெண்டாகப் பிரிகிற இடத்தில் கோயில்பிள்ளை நின்றான். “மேகத்துல இதுதான் நேரா தெரிஞ்சிருக்கும் மதினி. இதுல போனா வழி இல்ல. பாறைதான்.” அங்கே கயிறு கட்டி இறங்கினோம். முப்பது அடி. கீழே ஒரு திட்டு, கட்டில் அளவு. திட்டுக்கு உள்ளே பாறை குடைந்து ஒரு பொந்து. மேலிருந்து பார்த்தால் தெரியாது, கீழிருந்து பார்த்தாலும் தெரியாது. ஆடு படுக்கிற இடம். முழுக்கப் புழுக்கை.

உட்கார்ந்தபடி இருந்திருக்கிறாய். பிறகு சரிந்திருக்கிறாய். அந்த ஸ்வெட்டர் நான் பின்னினது, கழுத்துப் பட்டையில் சிவப்பு நூல் தீர்ந்து நீலம் போட்டது. அதைத் தவிர எல்லாம் எலும்பு.

இடது கால் எலும்பு ரெண்டாக இருந்தது. ரெண்டு பக்கமும் ஈட்டா மூங்கில் சிம்பு வைத்து, துண்டைக் கிழித்து, நாலு இடத்தில் இறுக்கிக் கட்டியிருந்தாய். முடிச்சு இன்னும் அவிழவில்லை.

செத்து விழுந்தவன் கட்டுப் போட மாட்டானே. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரத்தில் தீ மூட்டின தடம். அரையன் விரலை விட்டுக் கிளறினான். கிளறினதை மறுபடி மூடினான்.

“சொல்லுடா,” என்றேன்.

“வேண்டாம்க்கா.”

“சொல்லு.”

“ஒரு நாள் தீ இல்ல. புல்லும் சுள்ளியும் கைக்கெட்டின வரைக்கும் பிடுங்கி வச்சு எரிச்சிருக்காரு. மூணு நாளு. நாலுகூட இருக்கலாம்.”

கோயில்பிள்ளை திட்டின் விளிம்புக்குப் போனான். அரையன் பாய்ந்து அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, பளீர் என்று ஒன்று வைத்தான். “நீயும் போயிட்டா ரெண்டு பேரை நான் எப்படிடா தூக்குறது, நாயே?” அப்புறம் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவனே அழுதான்.

பன்னிரண்டாம் தேதி ரெண்டு பேரும் ஓகே. பதிமூன்றாம் தேதி ரெண்டு பேரும் ஓகே. நீ தீ மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் கீழே உன்னை ஏசிக்கொண்டிருந்தேன்.

பை உன் தலைமாட்டில் இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் கவர், ரப்பர் பேண்ட் போட்டது. கேம்ப் மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்த காய்ச்சல் மாத்திரை, ஒரு அட்டை. பத்து மாத்திரை. பத்தும் அப்படியே இருந்தது. ஒன்றைக்கூட நீ பிதுக்கவில்லை. கால் எலும்பு ரெண்டாக உடைந்து, நாலு நாள், பையில் வலிக்கும் கேட்கிற அந்த மாத்திரையை வைத்துக்கொண்டு.

பாப்பாவுக்கு என்று.

எனக்கு எழுத வரவில்லை.

மே 25

ஏழு மணிக்கு வயர்லெஸ் கரகரத்தது. கோயில்பிள்ளை மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் எடுத்தேன். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று அரையன் காட்டினான்.

“காத்தாடிமேடு, ஆளு எப்படி? ஓவர்.”

“நான் இசக்கியம்மா பேசுறேன். மாசாணம் கிடைச்சிட்டாரு. மூக்குப்பாறையில. அவரு ரோந்து போகல. நான் வரச் சொன்னேன், வந்துக்கிட்டு இருந்தாரு. ஆளை அனுப்புங்க.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் “ஓவர் சொல்லுங்கம்மா,” என்றது ஒரு குரல். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. அரையன் குனிந்து சொன்னான்.

மத்தியானம் பாரஸ்டர் ஐயா வந்தார். கோயில்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னான், ஒன்று விடாமல். என் பொய்யை மட்டும் அவன் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். ஐயா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “இதை ரிப்போர்ட்டுல எழுதித்தான் ஆகணும் கோயில்பிள்ளை,” என்றார். அவன் “எழுதுங்கய்யா,” என்றான்.

சாயங்காலம் உன்னை ஒரு தார்ப்பாயில் கட்டி மேலே ஏற்றினார்கள். நாலு பேர் வேண்டியிருக்கவில்லை. அரையன் ஒருத்தனே முதுகில் சுமந்தான். அவ்வளவு இலேசாகிவிட்டாய்.

மே 26

ஜீப்பில் ஏறும்போது மழை இறங்கியது. சும்மா இல்லை. மலையையே அழிக்கிற மழை.

மே 28

நேற்று உன்னை எரித்துவிட்டோம். தாலியை உன் அக்கா கழற்றினாள். அவளும் அழுதாள். கழுத்து இலேசாக இருக்கிறது, அது பிடிக்கவில்லை. கோயில்பிள்ளை தூரத்தில் பாதையோரம் நனைந்துகொண்டு நின்றான். உன் தம்பிகள் அவனை அடிக்கப் போனார்கள். நான் விடவில்லை. “அடிக்கிறதா இருந்தா என்னையும் சேத்து அடிங்க,” என்றேன். அப்புறம் யாரும் வரவில்லை.

பாப்பா இன்றைக்குக் காலையில்தான் பேசினாள். நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

“அம்மா, எனக்குக் காய்ச்சல்னு அப்பா வந்தாராமே. எனக்கு அப்பக் காய்ச்சலே இல்லையே.”

லயன் முழுக்கப் பேசுகிறார்கள். அவள் காதில் விழாமல் இருக்குமா? அவளிடம் இனி ஒன்றையும் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

“இல்ல தாயி. அம்மா பொய் சொன்னேன்.”

“எதுக்கு?”

“அப்பாவைப் பாக்கணும்போல இருந்துச்சு.”

அவள் அழுவாள், என்னை அடிப்பாள், எழுந்து சித்தி வீட்டுக்கு ஓடுவாள் என்று பார்த்தேன். அவள் விறகை உள்ளே தள்ளினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“அதையே சொல்லி இருக்கலாம்லம்மா?”

பத்து வருஷம் உன்னோடு குடும்பம் நடத்தியும் எனக்கு அது தெரியவில்லை. காலையிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே மழை விடவில்லை. நீ ஒருத்தன்தான் சொல்ல முடியும்.

காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை, உன்னைப் பார்க்க வேண்டும், வா என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால், நீ வந்திருப்பாயா மந்தி?